ஜிப்ஸியைத் தூக்குமுன் டேப்பை எடுங்கள்

மாருதி ஜிப்ஸி 1985-இல் வந்தது. உற்பத்தி நின்று ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் மலைத்தடத்திலும் ஆற்றுப் படுகையிலும் வண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இன்றும் பழைய ஜிப்ஸியைத் தேடிப் போகிறார்கள். எடை குறைவு, முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். வாங்கிய கையோடு பலரும் கேட்கும் கேள்வி, "எத்தனை இன்ச் தூக்கலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வண்டி இப்போது எத்தனை இன்ச் இறங்கிப்போயிருக்கிறது?

சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். நான்கு மூலையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஓட்டுநர் பக்கம் தாழ்ந்திருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். பட்டைகளுக்கு இடையில் துரு ஏறி அவை ஒன்றோடொன்று இறுகியும் போயிருக்கும். பட்டறையில் நெருப்பில் காய்ச்சி வளைவு ஏற்றி அப்படியே ஆறவிட்டால் எஃகின் பதம் போய்விடும். விரைவில் மறுபடி தொய்யும். தொழிற்சாலை அளவில் புதுப் பட்டை செட்டும் புது புஷ்ஷும் போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும். பலருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

அதற்கு மேலும் தூக்க நினைப்பவர் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது பாடியும் சேஸிஸும்தான். ஆக்ஸிலும் அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்த எளிய வழி பெரிய டயர். அதிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ.-க்குச் சற்று மேல். டயர் 65 மி.மீ. வளர்ந்தும் உருண்டைக்குக் கிடைப்பது சுமார் 33 மி.மீ. சஸ்பென்ஷனைத் தூக்குவதன் முக்கியப் பயன், அந்த டயர் மட்கார்டில் உரசாமல் மேலும் கீழும் போய்வர இடம் கிடைப்பது. ஆகவே எந்த டயர் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

தேவைக்கு மேல் தூக்கினால் என்ன? இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும் எண் வண்டி கவிழாமல் நிற்கும் திறனைக் காட்டும். அகலம் 1,300 மி.மீ., மைய உயரம் 650 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் எண் சரியாக 1. மையம் 50 மி.மீ. ஏறினால் அது 0.93 ஆகிறது. சரிவில் நிற்கும்போது இரண்டு டிகிரி குறைவு. வேகமாகத் திரும்பும்போது அதுவே உயிர்ப் பிரச்சினை. ஜிப்ஸியின் குடும்பத்தைச் சேர்ந்த சுசுகி சாமுராய் எளிதில் கவிழ்கிறது என்று அமெரிக்காவின் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் 1988-இல் அறிவித்தது. சுசுகி மறுத்து வழக்குப் போட்டது; 2004-இல்தான் சமரசமானது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். குறுகலான, இலேசான வண்டியில் ஒவ்வொரு இன்ச்சுக்கும் விலை உண்டு.

தூக்கும் வழிகளில் மலிவானது, பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போடுவது. 50 மி.மீ. நீட்டினால் 25 மி.மீ. உயரம் வரும். முன்பக்கம் அதைச் செய்தால் காஸ்டர் கோணம் மாறி, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் இயல்பு கெடலாம். இன்னொரு வழி, கூடுதல் பட்டை அல்லது தடித்த பட்டை. இங்கே கணக்கு கொடூரமானது: பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். எல்லாப் பட்டையும் 6 மி.மீ.-க்குப் பதில் 7 மி.மீ. என்றால் விறைப்பு 59 சதவீதம் கூடிவிடும். உயரம் கிடைக்கும், ஆனால் மேடுபள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்காது, அந்தரத்தில் சுழலும். ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும் பட்டையை மேலே ஏற்றிவைக்கும் மூன்றாவது வழியில் ஐந்து இன்ச் வரை வரும். அதைச் செய்தால் ஸ்டியரிங் ராடு, பிரேக் ஹோஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மாற்றியமைக்க வேண்டும். யூனிவர்சல் ஜாயின்ட் 20 டிகிரி சாய்ந்தால், ஒரு முனை சீராகச் சுழலும்போதே மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 6 சதவீதம் வேகம் கூடிக் குறையும். எதிர்முனை ஜாயின்ட்டும் அதே கோணத்தில் இருந்தால்தான் அது சரியாகும். இல்லாவிட்டால் அதிர்வு தொடங்கும், தாங்கிகள் தேயும்.

இனி ஷாக் அப்சார்பர். வண்டி எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக். பிஸ்டனின் சிறு துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிச் செல்லும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாகிறது. கரடுமுரடான பாதையில் அரைமணி ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டால் கை சுடும். எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிட்டால் பிஸ்டனுக்குத் தடையே இருக்காது. வண்டி படகாக ஆடும். நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைப்பது இந்த நுரையைக் கட்டுப்படுத்தத்தான். ஒற்றைக் குழாய் ஷாக்கில் எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் சூடு விரைவாக வெளியேறும். ஆனால் கல் பட்டு அந்தச் சுவர் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் சற்று நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். நீண்ட தூரம் வேகமாக ஓட்டுபவருக்கு முன்னது. பாறைக்கிடையில் ஊர்ந்து போகிறவருக்கு இரட்டைக் குழாயைத்தான் நான் சொல்வேன். விலையும் குறைவு.

ஷாக்கின் விறைப்பு ஸ்பிரிங்குக்குப் பொருந்த வேண்டும். தேவையான தணிப்பு, ஸ்பிரிங் விறைப்பின் வர்க்கமூலத்தையொட்டி உயரும். மேலே சொன்ன 59 சதவீதத்துக்கு ஷாக் 26 சதவீதம் கூடினால் போதும். ஸ்பிரிங் தொழிற்சாலை அளவிலேயே இருக்க, கடையில் இருப்பதிலேயே முரட்டு ஷாக்கை வாங்கி மாட்டினால் முதுகுதான் கஷ்டப்படும்.

நீளத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஒரு சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி பம்ப் ஸ்டாப் தொடும்வரை அமுக்குங்கள். மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை அளவெடுங்கள். பிறகு ஜாக்கியால் சேஸிஸைத் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது மீண்டும் அளவெடுங்கள். புது ஷாக் முழுக்கச் சுருங்கினால் முதல் அளவைவிட ஒரு விரலாவது குறைவாகவும், முழுக்க நீண்டால் இரண்டாவது அளவைவிட ஒரு விரலாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். நீளம் கூடினால் பம்ப் ஸ்டாப்பை முந்திக்கொண்டு ஷாக்கே அடிவாங்கி உடையும். சக்கரம் தொங்கும் அந்த நிலையிலேயே பிரேக் ஹோஸையும் பாருங்கள். இழுபட்டு நிற்கக் கூடாது.

சட்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த மூல அளவுகளை மாற்றும் வகையில் வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய டயரும் உயரமும் போட்டுப் பொதுச்சாலையில் போகிறவருக்கு எஃப்.சி.-யிலும் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். புதுப் பட்டையும் சரியான ஷாக்கும் போட்டு மூல உயரத்துக்கு மீட்பதற்கு அந்தத் தொல்லை இல்லை.

வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். பட்டைகள் படிந்து அமர்ந்ததில் அவை தளர்ந்திருக்கும். ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள். வண்டி ஒரு இன்ச் நிமிர்ந்தாலும் ஒளி எதிரே வருபவரின் கண்ணில்தான் போய் விழும்.