முதலில் சீப்பு, பிறகுதான் ஷாம்பு

சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியதில் பூனைகளின் பிழைப்பும் மாறிப்போனது. லயத்தில் எலி பிடித்து, படிக்கட்டு வெயிலில் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்ட பூனையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. இன்று சுங்கை பட்டாணி வீடுகளுக்குள் நீண்ட முடி கொண்ட பெர்சியன் பூனைகளும் வளர்கின்றன. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பம் அவற்றைப் பூனை ஹோட்டலில் விட்டுப் போகிறது. “குளிப்பாட்டியும் வச்சிடவா, அக்கா?” என்று முகப்பிலேயே கேட்டுவிடுவார்கள். சரி என்று சொல்வதற்கு முன், எந்த நாளில் என்று கேட்பது நல்லது.

பூனைகள் தங்கும் விடுதிகளைப் பற்றிக் கெஸ்லர், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிய இடத்தில் பூனையின் பதற்றம் முதல் நான்கு நாட்களில்தான் வேகமாகக் குறைகிறது என்றும், இரண்டு வாரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள் ஒத்துப்போய்விடுகின்றன என்றும் அதில் தெரிந்தது. வந்த அன்றே தண்ணீரும் உலர்த்தியின் இரைச்சலும் சேர்ந்தால் அந்தப் பதற்றம் ஏறத்தான் செய்யும். அதைவிட, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கொடுப்பது மேல். உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2014இல் காப்பகப் பூனைகளிடம் இதைச் சோதித்தபோது, பெட்டி கிடைத்தவை விரைவாக அமைதியடைந்தன.

நலமான பூனை தன் முடியைத் தானே பார்த்துக்கொள்ளும். அதன் நாக்கிலுள்ள முட்களின் நுனி குழிந்த கரண்டி போன்றது. எச்சிலை அது முடியின் வேர் வரை கொண்டுபோகிறது என்று 2018இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் மிரண்ட பூனை நக்குவதையே விட்டுவிடலாம்; அல்லது ஒரே இடத்தை வழுக்கையாகும்வரை நக்கலாம். பெர்சியனுக்கு இரண்டு நாள் சீப்புப் படாவிட்டால் காதின் பின்னும் அக்குளிலும் சிக்கு விழத் தொடங்கும். சிக்கு தோலைச் சேர்த்து இழுக்கும், அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது. மெல்லிய தோல் முடியோடு எழும்பி வரும், கத்தரி அதையும் வெட்டிவிடும்.

சீப்பின் பெரிய பயன் அழகில் இல்லை. தினமும் ஐந்து நிமிடம் சீவுகிற கைக்குத்தான் தெள்ளுப்பூச்சியும், வட்டமாக உதிர்ந்த முடியும், மெலிந்த முதுகெலும்பும் தட்டுப்படும். சாப்பிடாமலே இருந்தாலும் அப்போது தெரியும். பருத்த பூனை சில நாட்கள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதே சீப்பு நோயையும் சுமக்கும். படர்தாமரைக் கிருமியின் வித்துக்கள் சீப்பிலும் துண்டிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, பூனையிலிருந்து பூனைக்கும் குழந்தைகளுக்கும் தொற்றும். மலேசியாவில் ஸ்போரோட்ரிக்ஸ் என்ற பூஞ்சையும் உண்டு. மூக்கிலும் காதிலும் ஆறாத புண்ணோடிருக்கும் பூனை கீறினால் மனிதருக்கும் பரவும். எனவே விடுதியில் ஒவ்வொரு பூனைக்கும் தனிச் சீப்பு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டுச் சீப்பையே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

கூண்டு கழுவும் மருந்தையும் விசாரிக்க வேண்டும். பினாயில் வகை மருந்துகளைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைக்க முடிவதில்லை. டெட்டால் போலத் தண்ணீரில் வெள்ளையாகக் கலங்குபவை பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். நாய்க்கான பெர்மெத்ரின் தெள்ளு மருந்து பூனையைக் கொன்றேவிடலாம்.

விடுதி நம்பத் தகுந்ததா என்றும் பார்க்க வேண்டும். 2011 நோன்புப் பெருநாளின்போது டாமன்சாராப் பகுதியில் ஒரு விடுதியை நம்பி விடப்பட்ட சுமார் 300 பூனைகள், சோறு தண்ணீரின்றித் தம் கழிவிலேயே கிடந்தன. அன்றைய 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி அபராதத்தின் உச்சம் 200 ரிங்கிட். நாடே கொதித்தது. 2015இல் விலங்கு நலச் சட்டம் வந்து, 2017 முதல் நடப்பில் உள்ளது. வதைக்கு இப்போது 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விலங்கை வைத்துத் தொழில் செய்வோருக்கு உரிமமும் வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

குளியல் தேவைப்பட்டால், பூனை பழகிய பிறகு, வீட்டுக்குக் கூட்டிப்போவதற்கு முந்தைய நாள் போதும். நகத்தை வீட்டிலேயே, கண்ணாடி போன்ற நுனி மட்டும் வெட்டி அனுப்பலாம். சிக்கு விழும் இடங்களை விடுதிக்காரரிடம் தொட்டுக் காட்டிவிட்டு, வீட்டு வாசனை மாறாத, துவைக்காத பழைய துணியொன்றைக் கூண்டில் வைத்துவிட்டுப் புறப்படலாம்.