கேமரா இருக்கிறது, படம் வருகிறதா?

நகர்ப்புறங்களில் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று 2012 டிசம்பரில் தமிழக அரசு விதி வகுத்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் சிறு மளிகைக் கடைகள் பலவற்றிலும் இன்று கேமரா உண்டு. கல்லாவில் கை வைத்தவனைத் தேடும் அன்றுதான் திரை கறுப்பாக இருப்பது தெரிகிறது!

மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் உறுப்பினர்கள் இதைச் செய்து பார்க்கலாம். படம் வராத கேமராவின் வயரை டி.வி.ஆர். பெட்டியின் பின்புறம் கழற்றி, படம் வரும் வயரின் இடத்தில் மாட்டுங்கள். அங்கே படம் வந்தால் கோளாறு பெட்டியில். அங்கும் வராவிட்டால் கேமரா, வயர், அடாப்டர் இவற்றுள் ஒன்று. வேலை செய்யும் கேமராவின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டிப் பாருங்கள். அடுத்து பி.என்.சி. முனை; மழைநீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும்.

எல்லாக் கேமராவும் ஒரேயடியாகப் போனால் டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுங்கள். பையன் கிரிக்கெட் பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

படத்தில் கோடு ஓடினால், பிரிட்ஜுக்குப் போகும் மின் வயரோடு கேமரா வயரைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கவும்.

திரை மூலையில் ஓடும் தேதியையும் நேரத்தையும் வாரம் ஒருமுறை சரிபாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால், மின்தடைக்குப்பின் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். அந்தப் பதிவைக் காவல் நிலையத்தில் காட்டித் திருட்டு நடந்த நேரத்தை நிலைநாட்டுவது சிரமம். பதிவை அன்றே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன்மேல் புதியது ஏறிவிடும்.