மாலை ஆறு மணிக்குப் பிறகு

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பஸ்ஸில் தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டியதும் ஜன்னலோரம் இருப்பவர்கள் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். மழைக்காக அல்ல, காற்றுக்காக. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று கையில் இருக்கும் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அடுத்தது முப்பந்தல். சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை காத்தாடிகள். காற்றாலை என்பதெல்லாம் அரசாணையிலும் செய்தித்தாளிலும்தான். ஊர்க்காரர்கள் வாயில் அது காத்தாடி.

அந்தக் காற்றிலும் சில காத்தாடிகள் சும்மா நிற்பதைப் பார்க்கலாம். பழுது என்று நினைத்துக்கொள்வோம். சிலது பழுதுதான். மற்றவற்றில் சில, மின்தொகுப்பு தாங்காது, நிறுத்துங்கள் என்று சென்னையிலுள்ள மின்பளு கட்டுப்பாட்டு மையம் சொன்னதால் நிற்பவை. அதே நேரத்தில், இங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி புகைந்துகொண்டிருக்கும். இலவசமாக வரும் காற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒடிசாவிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் வந்த நிலக்கரியை எதற்கு எரிக்கிறார்கள்? பஸ்ஸில் போகிற யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். பதில் மின்வாரியத்தின் சோம்பேறித்தனம் என்றால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். பதில் அது இல்லை.

நிலக்கரியின் கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டு நிலக்கரியில் சுமார் 700 கிராம் எரிய வேண்டும். வெளியே வரும் கரியமில வாயுவோ ஏறத்தாழ ஒரு கிலோ. 700 கிராமை எரித்தால் எப்படி ஒரு கிலோ வரும் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நிலக்கரியில் இருக்கும் கரிமம் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு போகிறது. 12 கிராம் கரிமம் 44 கிராம் கரியமில வாயுவாகிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓட்டும் ஒரு நடுத்தர வீட்டுக்கு முழு மின்சாரமும் நிலக்கரியிலிருந்தே வந்தால், ஒரு பில்லுக்கு 400 கிலோ. நான்கு குவிண்டால் அரிசி மூட்டை என்றால் வைக்க இடம் தேடுவோம். இது கண்ணுக்குத் தெரியாததால் ஆகாயத்தில் வைத்துவிட்டோம்.

கண்ணுக்குத் தெரிவது சாம்பல். 210 மெகாவாட் திறனுள்ள ஒரே ஒரு அலகை ஒரு நாள் முழுக்க ஓட்ட சுமார் 3,500 டன் நிலக்கரி வேண்டும். ஏறக்குறைய ஒரு முழுச் சரக்கு ரயில். அதில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பலாக மிஞ்சும். ஒரு ரயில் வந்தால் மூன்றிலொரு ரயில் சாம்பல், தினந்தோறும். சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போவது போக மீதியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். எண்ணூரில் அந்தக் குழாய்கள் கசிந்தும் உடைந்தும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்த கதை பல ஆண்டுகளாக நீதிமன்றத்துக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே வலையில்லாமல் சேற்றில் கையை விட்டுத் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் உண்டு. அவர்கள் கைக்கு மணலும் சேறும் எது, சாம்பல் எது என்று எந்த ஆய்வகமும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1970களில் கட்டிய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடினார்கள். ஊர் மூச்சு விட்டதா என்றால், பக்கத்திலேயே வடசென்னையும் வல்லூரும் எரிகின்றன. 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட்டில் புதிய அலகு ஒன்றும் திறக்கப்பட்டது.

நெய்வேலியிலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் நிறுவனம், 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 1962-ல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம். தமிழ்நாட்டின் வீடுகளில் குண்டு பல்பு எரிந்ததில் நெய்வேலிக்குப் பெரிய பங்குண்டு. அதை மறந்துவிட்டுப் பேசுவது நன்றிகெட்டதனம். அந்த முதல் நிலையம் 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு வந்தது என்ன? பழுப்பு நிலக்கரியில் ஓடும் 1,000 மெகாவாட் புதிய நிலையம். புதியது அதே யூனிட்டுக்குக் குறைவாகவே எரிக்கும் என்பது உண்மை. ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவி வயல்களில் நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, அடுத்த ஐம்பது ஆண்டுக்கும் மண்ணைத் தோண்டத்தான் போகிறோமா என்ற கேள்வி எழாமல் இருக்காது.

சரி, காத்தாடி ஏன் நின்றது?

தமிழ்நாட்டில் காற்றுக்கோ வெயிலுக்கோ பஞ்சமில்லை. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனை முயற்சியாகச் சில காத்தாடிகளை நட்டதில் தொடங்கி, இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் காற்றிலிருந்து கிடைத்தது. 2016-ல் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரியமின் பூங்கா வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பேசினார்கள். சீமைக்கருவேலம் மட்டுமே விளையும் என்று கைவிட்ட மண்ணில் வெயில் விளைந்தது.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. காற்று வைகாசியில் வந்து புரட்டாசியோடு போய்விடும். வெயில் காலை ஏழுக்கு வந்து மாலை ஐந்தரைக்கு மங்கிவிடும். நாமோ மாலை ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறோம். விளக்கு, மிக்ஸி, டிவி, மோட்டார், கோடையானால் ஏசி. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சித்திரைக் கத்திரியில் காற்றும் வந்திருக்காது. பொழுது சாய்ந்தால் வெயிலும் கிடையாது. அப்போது ஆபத்பாந்தவன் நிலக்கரிதான்.

அந்த ஆபத்பாந்தவனுக்கு ஒரு குணம். கேஸ் அடுப்பு மாதிரி திருகினால் பற்றவும், திருப்பினால் அணையவும் தெரியாது. ஆறிப்போன பாய்லரைச் சூடேற்றி மின்சாரம் எடுக்கப் பல மணி நேரம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருப்பதை முழுத்திறனில் பாதிக்குக் கீழே இறக்கினால் நெருப்பு தள்ளாடும், இயந்திரம் தேயும். ஆக, மாலை ஆறு மணிக்கு வேண்டுமென்றால் நண்பகலிலும் பாதித் தீயில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நண்பகலில் சோலார் பொங்கி வழிந்து, கூடவே ஆடிக்காற்றும் அடித்தால்? நிலக்கரியை இனி இறக்க முடியாது, காத்தாடியை நிறுத்து. முப்பந்தலில் பஸ்ஸிலிருந்து பார்த்த காட்சியின் பின்கதை இதுதான். கூடவே பணக் கணக்கும் உண்டு. நிலக்கரி நிலையங்களோடு செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்களில், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும்.

ஆகவே இன்னும் எத்தனை காத்தாடி, எத்தனை சோலார் என்று மெகாவாட்டைக் கூட்டிக்கொண்டே போகும் அறிவிப்புகளைப் பார்த்தால் எனக்குப் பெரிய உற்சாகம் வருவதில்லை. மூன்று மாத மழையை வைத்துப் பன்னிரண்டு மாதம் பிழைக்க ஏரி வெட்டியவர்கள் நாம். மழை போதவில்லை என்று வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. கரை கட்டினார்கள், மதகு வைத்தார்கள். மின்சாரத்துக்கு நாம் வெட்டாமல் விட்டது அந்த ஏரியை.

வெட்டவே இல்லை என்று சொன்னால் பொய். ஒன்று வெட்டினோம். ஆனைமலையில் காடம்பாறை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்குப் போகிறவர்கள் குரங்கருவியில் குளித்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே மேலேறிவிடுகிறார்கள். அந்த மலைக்கூட்டத்துக்குள் பாறையைக் குடைந்து ஒரு மின் நிலையம் இருப்பது பலருக்குத் தெரியாது. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் உபரியாக இருக்கும்போது கீழிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவைப்படும்போது அதே தண்ணீரைத் திறந்துவிட்டால், ஏற்றிய அதே இயந்திரம் எதிர்ப்பக்கம் சுற்றி மின்சாரம் தரும். நான்கு அலகு, ஆளுக்கு 100 மெகாவாட். நான்கு யூனிட் செலவழித்தால் மூன்று யூனிட் திரும்பி வரும் என்பது இத்தகைய நிலையங்களின் தோராயக் கணக்கு. நஷ்டம்தானே என்று தோன்றும். நிற்கும் காத்தாடி நான்கு யூனிட்டையும் முழுசாக வீணாக்குகிறது என்பதை நினைத்தால் தோன்றாது. சில நிமிடங்களில் உயிர்பெறும். பாய்லர் போல மணிக்கணக்கில் சூடேற வேண்டியதில்லை.

இது ஓடத் தொடங்கியது 1987-89-ல். அன்றைக்குச் சோலாரும் இல்லை, பெரிய அளவில் காத்தாடியும் இல்லை. இரவில் மிஞ்சும் மின்சாரத்தைப் பகலுக்கு எடுத்துவைக்கத்தான் திட்டம். அதாவது, வரப்போகும் காலத்துக்கு வேண்டியதை நம் பொறியாளர்கள் தெரியாமலே முன்கூட்டிக் கட்டிவிட்டார்கள். பிறகு அடுத்ததான நீலகிரி குந்தாவின் 500 மெகாவாட் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டவே ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆயிற்று. 2024-ல்தான் நீரேற்று மின் திட்டங்களுக்கென்று மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு மலைக்கு மலை அணை கட்டச் சொல்லவில்லை. நீலகிரியில் சில்லஹல்லா திட்டத்துக்குப் படுகர் ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்தது நியாயமானதுதான். கேரட்டும் தேயிலையும் விளையும் பள்ளத்தாக்கைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு அதற்குப் பசுமை என்று பெயர் வைக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் அணைகளை இணைக்கிற இடங்களை முதலில் எடுக்கலாம். மிச்சத்துக்கு பேட்டரி இருக்கிறது. 2010-ல் இருந்த விலையில் பத்தில் ஒரு பங்குக்கு லித்தியம் பேட்டரி இறங்கிவிட்டது. துணைமின் நிலையத்து வளாகத்தில் கன்டெய்னர் கன்டெய்னராக அடுக்கிவிடலாம், காடும் அழியாது, ஊரும் மூழ்காது.

பிரிட்டனைப் பார் என்று சொல்வது இப்போது வழக்கம். 1882-ல் லண்டனில் நிலக்கரி மின் நிலையத்தைத் தொடங்கிய நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையத்தை மூடி நிலக்கரிக்கு முழுக்குப் போட்டது. நல்ல காரியம். ஆனால் அவர்களுக்கு வடகடலில் இயற்கை எரிவாயு இருந்தது. நிலக்கரி இறங்கிய இடத்தைப் பெருமளவு அது தாங்கியது. நமக்கு அந்த ஊன்றுகோல் கிடையாது. நிலக்கரியிலிருந்து நேராகச் சேமிப்புக்குத் தாவ வேண்டும்.

செலவில்லாத சேமிப்பு ஒன்றும் நம் கைவசம் உண்டு. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய பம்புசெட் இணைப்புகள். அவற்றுக்கு வெயில் நேரத்தில் மும்முனை மின்சாரத்தைத் தடையில்லாமல் கொடுத்துவிட்டால், ராத்திரி டார்ச் லைட்டோடு, பாம்புக்குப் பயந்து, மோட்டார் போட வரப்பில் நடக்கும் விவசாயிக்கும் நிம்மதி, மாலை உச்சமும் தணியும். கிணற்றுத் தண்ணீர் நண்பகலிலேயே வயலுக்கு ஏறிவிட்டால், அது சேமித்த மின்சாரம்தான்.

உங்கள் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு குட்டிக் காடம்பாறை. கீழிருந்து மேலேற்றி வைத்து, வேண்டும்போது திறந்துகொள்கிறீர்கள். காலை ஆறுக்கும் மாலை ஆறரைக்கும் போடும் மோட்டாரைப் பகல் பதினொரு மணிக்குப் போட்டால் அது சோலாரில் ஓடுகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். அப்படிப் போட்டாலும் இன்றைய வீட்டுக் கட்டணத்தில் உங்கள் பில் ஒரு பைசா குறையாது. பகல் யூனிட்டும் மாலை யூனிட்டும் ஒரே விலை. வாரியம் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். மலையும் தேவையில்லை, அணையும் தேவையில்லை, ஓர் ஆணை போதும்.