வேலை எங்கே என்பதை விட எந்த வகை என்பதைக் கேளுங்கள்



என் மாணவி ஒருத்தியின் அம்மா ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார்: "டீச்சர், எனக்கு யூனிவர்சிட்டியில வேல கெடச்சிருச்சு!" கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மேலே பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. துப்புரவுக் குத்தகை எடுத்த நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. பிறகு குத்தகை வேறு நிறுவனத்துக்குப் போனது. அவர் கூட்டியது அதே கட்டடம்தான். ஆனால் அவருடைய சேவைக் காலம் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கியது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. செக்ரோலில் பேர் இருந்தால் தோட்டத்து ஆள். குத்தகைக்காரர் லாரியில் ஏற்றி வந்தவர் குத்தகைக்காரரின் ஆள். இருவரும் வெட்டியது ஒரே நிரையில்தான். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொழிலாளர்களுக்கு. கிராணிமாருக்கு வேறு சங்கம். இன்று நீலாய், சிரம்பான், கோலப்பிலா எனப் பக்கத்திலேயே உயர்கல்விக்கூடங்கள் வந்துவிட்டன. அங்கேயும் பிரிவுகள் உண்டு.

முதலில், என்ன வேலை?

கல்விசார் ஊழியர், நிர்வாக அதிகாரிகள், ஆதரவு ஊழியர் என மூன்று பிரிவுகள். கல்விசார் பிரிவில் விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், இணைப்பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள். துறைத்தலைவர், புலமுதல்வர் என்பவை படிகள் அல்ல. குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படும் பொறுப்புகள். மாணவர்கள் இங்கேதான் அடிக்கடி குழம்புகிறார்கள்.

அடுத்து, எந்த வகை நியமனம்?

1. நிரந்தரம், அதாவது 'தெத்தாப்': அரசுப் பல்கலைக்கழகங்களில் 1 முதல் 3 ஆண்டு வரை தகுதிகாண் காலம். அதை முடித்த பிறகே பணி உறுதி.

2. ஒப்பந்தம், 'கொந்த்ராக்': தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் கடிதத்திலேயே இருக்கும். "எப்படியும் ரினியூ பண்ணிடுவாங்க" என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

3. தற்காலிகம், 'செமந்தாரா': ஒருவர் நீண்ட விடுப்பில் போனாலோ, இடம் காலியானாலோ கொஞ்ச காலத்துக்கு நிரப்புவது.

4. பகுதிநேரம், 'சம்பிலான்': பெரும்பாலும் மணிக்கணக்கில் சம்பளம். பருவம் முடிந்து வகுப்பு நின்றால் வருமானமும் நிற்கும்.

5. குத்தகை ஊழியர்: பாதுகாவலரும் துப்புரவாளரும் பெரும்பாலும் இந்த வகை. வேலை வளாகத்தில், முதலாளி வெளியில்.

தனியார் பல்கலைக்கழகத்தில் நிரந்தரம் என்றாலும் அரசு ஓய்வூதியம் கிடையாது, சேமநிதிதான். 5,000 ரிங்கிட் வரை மாதச் சம்பளம் வாங்கும் 60 வயதுக்குட்பட்ட மலேசியருக்கு, ஊழியர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. தனியார் துறை ஒப்பந்தங்களைப் பற்றி இன்னொன்று: மறுபடி மறுபடி புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் உண்மையில் நிரந்தர வேலைதான் என்று 2020இல் ஒரு வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பழைய கடிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகள்: கடிதத்தில் முதலாளி யார்? முடிவுத் தேதி உண்டா? சேமநிதியும் சொக்சோவும் கட்டுவார்களா? சம்பளத்தோடு விடுப்பு எத்தனை நாள்?

ஆசிரியர்களுக்கு: ஒரு வேலை விளம்பரத்தை வகுப்பில் கொடுத்து, இந்த நான்குக்கும் விடை தேடச் சொல்லுங்கள். கருத்துணர்தல் பயிற்சியாகவும் ஆகும்.

தேர்வு மாணவர்களுக்கு: 'ஒப்பந்தம்', 'குத்தகை' இரண்டையும் கட்டுரையில் ஒரே பொருளில் எழுதாதீர்கள். ஒப்பந்த ஊழியருக்குப் பல்கலைக்கழகமே முதலாளி; குத்தகை ஊழியருக்கு முதலாளி வேறு. ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த அம்மாவுக்கு அதில் போனது பல வருஷச் சேவை.