ஒரு முழம் கேபிள் போதும்!

அக்கா மகள் கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம், போட்டோவும் வீடியோவுமாக 300 ஜி.பி. ஒரு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கில் வந்து சேர்ந்தது. லேப்டாப்புக்கு மாற்றத் தொடங்கினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, டிஸ்க்குக்குள் ‘டிக்... டிக்...’ என்று சத்தம். திரையில் டிரைவையே காணோம். எடுத்துச் சொருகினால் வரும், மறுபடி போகும். அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

சர்வீஸ் கடைக்காரர் டிஸ்க்கைத் தொடவில்லை. கேபிளைக் கையில் வாங்கி நீட்டிப் பார்த்தார். “ரெண்டு மீட்டர் இருக்கும் போலிருக்கே... எங்கே சார் வாங்கினீங்க?” டிஸ்க்கோடு வந்தது தொலைந்துபோனதால், ஸ்டூடியோவில் வேறு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். டிராயரிலிருந்து ஒரு முழக் கேபிளை எடுத்துச் சொருகினார். சத்தம் நின்றது. 300 ஜி.பி.யும் ஒரே மூச்சில் இறங்கியது.

காரணம் எளிது. இந்த இரண்டரை அங்குல டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது. தரவு போகும் அதே கேபிளில்தான் 5 வோல்ட் மின்சாரமும் வர வேண்டும். யு.எஸ்.பி. 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரை தரும். மலிவுக் கேபிள்களில் மின்சாரத்துக்கும் 28 கேஜ் கம்பிதான் இருக்கும். மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே! இரண்டு மீட்டர் கேபிள் என்றால் நான்கு மீட்டர் கம்பி. முழு 900 மில்லி ஆம்பியரை இழுத்தால் வழியிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். மோட்டார் திணறாமல் என்ன செய்யும்? அதே நீளத்தில் 24 கேஜ் கம்பியானால் இழப்பு 0.3 வோல்ட்தான். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். நல்ல கேபிள்கள் பலவற்றில் இந்த எண்ணை மேலுறையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

அடாப்டரோடு வரும் பெரிய மூன்றரை அங்குல டிஸ்க்குகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் வேகம் கூடக் கூட சிக்னல் தேய்வதும் கூடும். அதில் எந்த டிஸ்க்குக்கும் விலக்கு இல்லை. பழைய யு.எஸ்.பி. 2.0-க்கு 5 மீட்டர் வரை தாங்கியது. 5 ஜிகாபிட் வேகத்துக்கு 3 மீட்டரே அதிகம். 10 ஜிகாபிட்டுக்கு ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

ஏமாற்றும் இடம் சி-டைப்தான். வாய் ஒன்றுபோல இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். போன் சார்ஜரோடு வரும் கேபிள்களில் பெரும்பாலானவை 480 மெகாபிட்டோடு நின்றுவிடும். ஒழுங்கான கேபிளில் கால் மணி நேரத்தில் முடியும் 100 ஜி.பி., அதில் முக்கால் மணி நேரம் இழுக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: பெரிய ஃபைல் ஒன்றை காப்பி செய்யுங்கள். வேகம் நொடிக்கு 40 எம்.பி.யைத் தாண்டவே இல்லையென்றால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். வாயில் நீல பிளாஸ்டிக் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அதை யாரும் வைக்கலாம். தங்க முலாமும் வேகத்தைக் கூட்டாது.

கவசமும் முக்கியம். யு.எஸ்.பி. 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012-லேயே ஓர் ஆய்வறிக்கையில் சொன்னது. டிஸ்க்கைச் சொருகியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கினால் கேபிளின் கவசத்தையும் சந்தேகிக்கலாம்.

குட்டைக் கேபிளிலும் ‘டிக்’ சத்தம் நிற்கவில்லையென்றால் கோளாறு டிஸ்க்கில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காமல் உடனே கழற்றிவிடுங்கள். குட்டைக் கேபிளில் சோதிக்கும் முன் டேட்டா ரெக்கவரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்க் வாங்கும்போது பெட்டியில் வரும் அந்தக் குட்டிக் கேபிளை வேறெதற்கும் எடுக்காமல், டிஸ்க்கோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள்.