ஆறு புள்ளிகளும் அனைவர்க்குமான கல்வியும்

கல்வித் துறையில் நாடுகள் ஒன்றுகூடிப் பணியாற்றுவதால் விளையும் நன்மை யாது என வினவுவார்க்கு, விழிப்புலன் இழந்தோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தின் வரலாறு தக்க விடையாகும்.

ஆறு புள்ளிகளால் அமையும் இவ்வெழுத்தில் இந்திய உபகண்டத்தில் முன்னர்ப் பல முறைகள் வழங்கின. ஒரு முறை கற்றவர்க்கு மற்றொரு முறையில் அமைந்த நூல் பயன்படவில்லை. இக்குறை நீக்க, யுனெஸ்கோ தாபனம் 1951ஆம் ஆண்டில் பெய்ரூத் நகரில் மாநாடு கூட்டியது. எம்மொழியாயினும், ஒத்த ஒலிக்கு இயன்றவரை ஒத்த புள்ளிகளை வழங்கும் நெறியை ஆங்குக் கூடியோர் ஏற்றனர். அவ்வாண்டிலேயே பாரதி பிரெயில் இந்தியாவின் பொதுமுறையாயிற்று. பின்னர் இலங்கையும் அதனைத் தழுவியது. இடப்பக்க நிரையின் மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் சேர்ந்தால் தமிழில் ககரம், ஆங்கிலத்தில் ‘கே’. சென்னையில் ஆக்கப்படும் தமிழ்ப் பிரெயில் நூலைக் கொழும்பு மாணவனும் வாசித்தல் கூடும்.

எழுத்து ஒன்றானால் மட்டும் போதாது. கற்குமிடமும் ஒன்றாதல் வேண்டும். இலங்கையில் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கென 1912ஆம் ஆண்டில் தனிப் பாடசாலை தோன்றியது. அஃது அரும்பணியே. எனினும், 1994ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுச் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, சாதாரண பாடசாலைகளே எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றல் வேண்டுமெனப் பிரகடனம் செய்தனர். மாற்றுத்திறனாளர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது.

ஆயினும், சமவாயம் தானாக வகுப்பறையினுட் புகுவதில்லை. கரும்பலகையில் வரைந்ததைச் சொல்லாலும் விளக்கும் ஆசிரியரும், தவணை தொடங்குமுன் கைக்கு வரும் பிரெயில் பாடநூலும், அருகில் இடமளிக்கும் சகமாணவரும் வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாடசாலை வாயிலில் அத்தகைய பிள்ளை வந்து நிற்கும்போது, உலகம் கூடித் தீர்மானித்ததை நிறைவேற்றும் கடமை ஆசிரியர், மாணவர், பழைய மாணவராகிய நம்முடையதே.