மணிச்சித்திரத்தாழும் சந்திரமுகியும்: ஓர் ஒப்பீடு

மணிச்சித்திரத்தாழு 1993-இல் ஃபாசில் இயக்கத்தில் வெளிவந்த மலையாளத் திரைப்படம். கதை மது முட்டம். இப்படம் 2004-இல் பி. வாசுவின் இயக்கத்தில் ஆப்தமித்ரா என்று கன்னடத்திலும், 2005 ஏப்ரல் 14 அன்று அவரது இயக்கத்திலேயே சந்திரமுகி என்று தமிழிலும் மறுஆக்கம் செய்யப்பட்டது. 2007-இல் பிரியதர்ஷன் இதை இந்தியில் பூல் புலையா என்று எடுத்தார்.

கதை

மூன்று தென்னிந்தியப் படங்களிலும் கதைக்கரு ஒன்றே. கங்கா கணவனுடன் பழைய மாளிகையில் குடியேறி, பூட்டிய அறையைத் திறக்கிறாள். அங்கு கொல்லப்பட்ட நடனப் பெண்ணின் கதை அவள் மனத்தில் பதிகிறது. நாளடைவில் தன்னையே அந்தப் பெண்ணாக எண்ணிக்கொள்கிறாள். அவளைப் பிடித்திருப்பது பேயன்று, பிளவாளுமை நோய் என்பதைக் கணவனின் நண்பரான மனநல மருத்துவர் கண்டறிகிறார். 'தாழு' என்றால் மலையாளத்தில் பூட்டு. படத்தின் பெயர் அவ்வறையின் அலங்காரப் பூட்டைக் குறிக்கிறது.

மொழி தரும் அச்சம்

மூலப்படத்தின் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டவள். அவள் மொழி தமிழ். மலையாளம் பேசும் கங்கா திடீரெனத் தமிழில் சீறும்போது, 'இவள் வேறொருத்தி' என்பது பார்வையாளருக்கு நொடியில் புரிகிறது. ஒப்பனையோ பேயுருவோ தேவைப்படவில்லை.

தமிழ் பேசுவோருக்கு அதே தமிழ் அச்சம் தராது. எனவே சந்திரமுகி ஆந்திரத்து நடனப் பெண்ணாகித் தெலுங்கில் பேசுகிறாள். ஆப்தமித்ராவிலும் அந்த நடனப் பெண்ணின் மொழி தெலுங்கே. இந்திப் படத்தில் அவள் வங்காளத்தவள். ஓர் ஊருக்கு அயல்மொழி எதுவோ, அதுவே அங்கு பேயின் மொழியாகிறது.

மையத்தின் இடமாற்றம்

மூலப்படத்தில் மோகன்லாலின் மருத்துவர் கதை நெடுந்தூரம் நகர்ந்த பின்னரே வருகிறார். அதுவரை படம் கங்காவுடையது. பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் வளர்ந்த அவளது தனிமையே நோயின் வேராகக் காட்டப்படுகிறது. ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

சந்திரமுகியில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டைக்காட்சியுடன் அறிமுகமாகிறார். மருத்துவர் சரவணனாகவும் மன்னன் வேட்டையனாகவும் இருவேடம் ஏற்றார். வடிவேலுவின் நகைச்சுவைக்கும் பெரிய பங்குண்டு. படம் சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. கங்காவாக ஜோதிகாவின் நடிப்பு பாராட்டப்பட்டாலும், அவளது கடந்த காலத்தைவிட மருத்துவரின் வல்லமையே முன்னிற்கிறது.

நோயா, பேயா?

மணிச்சித்திரத்தாழு கங்காவின் செயல்கள் அனைத்துக்கும் மனநல விளக்கமே தருகிறது. சந்திரமுகியும் அதையே சொல்கிறது. ஆனால் மாளிகையில் உலவும் பெரிய பாம்புக்கு அதில் மருத்துவ விளக்கம் இல்லை. இதனால் பேய் உண்டோ என்ற ஐயம் எஞ்சுகிறது. திகில் படம் என்ற அளவில் அந்த ஐயம் சுவை கூட்டலாம். மனநோயைப் பேய்பிடித்ததாகக் கருதும் வழக்கத்தைக் கேள்வி கேட்ட கதை என்ற அளவில் அது மூலப்படத்தின் வலிமையைக் குறைக்கிறது.